பாம்பை வளர்க்கலாமா, டீச்சர்?

எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு கேள்வியும் ஐந்து பாடவேளைகளும்

பம்பை ஆற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயில் கொண்டிருக்கும் திருவாமாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை நான். சுற்றிலும் நெல்லும் கரும்பும். மழைக்காலத்தில் வாய்க்கால் நிறைந்தால் தவளைகள் வரும். தவளைகளைத் தேடிப் பாம்புகள் வரும். பாம்புகளைத் தேடி எங்கள் பிள்ளைகள் போவார்கள், கையில் கல்லோடு.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் இறைவணக்கக் கூட்டத்துக்கு மணி அடிக்கும் முன்பே சுற்றுச்சுவர் அருகே கூச்சல் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முக்கால் மீட்டர் நீளம் இருக்கும். முதுகில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள். தலை நசுங்கிக் கிடந்தது.

"அது தண்ணிப் பாம்பு டீச்சர். கடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றாள் கூட்டத்துக்கு வெளியே நின்ற ஒரு மாணவி. இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். வகுப்பில் வாய் திறப்பது அரிது.

"அடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேன் டீச்சர். யாரும் கேக்கல."

இரண்டு நாள் கழித்து, அன்று கல் எறிந்தவர்களில் ஒருவனே வகுப்பில் எழுந்தான். அவனுடைய அண்ணன் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். "அமெரிக்காவுல வீட்டுல பாம்பு வளக்குறாங்க டீச்சர். கண்ணாடிப் பெட்டியில போட்டு மீன் குடுக்குறாங்க. குட்டியெல்லாம் போடுது. நாமளும் வளக்கலாமா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கொல்வதற்கும் வளர்ப்பதற்கும் நடுவில் ஒரு பாடம் இருப்பதாகத் தோன்றியது. அதை ஐந்து பாடவேளைகளில் நடத்தினேன். நடுவே நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன். வேறொரு வகுப்பறையில் அது நடக்கக்கூடாது என்பதற்காக.

முதல் பாடவேளை: அந்தக் காணொளிப் பாம்பு எது?

வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்பு அது. உடல் நெடுக மஞ்சள் கோடுகள் ஓடும். முற்காலத்தில் காலுறை நழுவாமல் இருக்கக் கட்டிய கோடு போட்ட பட்டைக்கு ஆங்கிலத்தில் கார்ட்டர் என்று பெயர். அந்தப் பட்டையைப் போலிருப்பதால் பாம்புக்கும் அதே பெயர் வந்தது. கனடாவிலிருந்து நடு அமெரிக்கா வரை இதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஒரு மீட்டருக்குள் அடங்குபவை. தவளை, மீன், மண்புழு ஆகியவை உணவு. மனிதருக்கு ஆபத்து இல்லாதவை என்பதால் அங்கே சிறுவர்கள் முதன்முதலில் தொட்டுப் பார்க்கும் பாம்பு பெரும்பாலும் இதுதான். மாசசூசெட்ஸ் மாநிலம் இதைத் தன் மாநில ஊர்வனவாகவே அறிவித்திருக்கிறது.

கனடாவின் மானிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்ற இடத்தைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. அங்கே சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் உள்ள வெடிப்புகளில் பல்லாயிரம் கார்ட்டர் பாம்புகள் குளிர்காலம் முழுவதும் ஒன்றாக அடைந்து கிடக்கின்றன. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வெயில் பட்டதும் கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. அதைப் பார்க்க மக்கள் குடும்பத்தோடு போகிறார்கள். அருகிலுள்ள நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆயிரக்கணக்கில் அடிபட்டுச் செத்ததால், சாலைக்கு அடியில் பாம்புகளுக்காகச் சிறு சுரங்க வழிகளும், அந்த வழிக்கு அவற்றைத் திருப்பிவிடும் வேலிகளும் அமைத்திருக்கிறார்கள்.

"பாம்புக்கு ரோட்டுக்கடியில வழியா?" என்று நம்பாமல் கேட்டான் ஒருவன். நமது சாலைகளில் தவளையும் பாம்பும் அடிபட்டுக் கிடப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

இரண்டாம் பாடவேளை: வளர்ப்பது என்றால் என்ன?

பாம்பு வளர்ப்பதைப் பற்றிக் கேட்ட மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். "பாம்பு வாங்கிட்டேன்னு வெச்சுக்கோ. என்னென்ன வேணும்?" பெட்டி, தண்ணீர், மீன் என்று மூன்றே எழுதினான். மீதியை வகுப்பே கேள்வி கேட்டுக் கேட்டு நிரப்பியது.

வெப்பம்: பாம்பு குளிர் இரத்தப் பிராணி. தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்காது. அதனால் வளர்ப்பவர்கள் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுமார் 30 டிகிரி செல்சியசிலும் மறுபக்கத்தை அதைவிடக் குளிர்ச்சியாகவும் வைக்கிறார்கள். எந்தப் பக்கம் இருப்பது என்பதைப் பாம்பே தீர்மானிக்கும். ஒரே சூடு உள்ள பெட்டியில் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடமும், இறங்கிக் கிடக்க ஒரு தண்ணீர்ப் பாத்திரமும், மிக இறுக்கமான மூடியும் வேண்டும். விரல் நுழையும் இடைவெளி போதும், குட்டிப் பாம்பு வெளியே போய்விடும்.

உணவு: "மீன் போட்டா போதாதா?" என்பதுதான் பலருடைய எண்ணம். இங்கே ஓர் அருமையான அறிவியல் இருக்கிறது. தங்கமீன் போன்ற சில மீன்களின் உடலில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். அந்த மீனை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற கார்ட்டர் பாம்புக்கு வயிறு நிறையும். ஆனால் வைட்டமின் குறைவால் வலிப்பு வந்து சாகக்கூடும். ஆகவே மண்புழு, அந்த நொதி இல்லாத மீன், சிறு எலி என மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். வைட்டமின் குறைபாட்டு நோய்களை நடத்தும்போது பெரிபெரியோடு இதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

இனப்பெருக்கம்: கார்ட்டர் பாம்பு முட்டையிடுவதில்லை. குட்டி போடுகிறது. கருவுற்று இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் 10 முதல் 40 வரை குட்டிகள் பிறக்கும். பிறந்த நாளிலிருந்தே அவை தனித்து வாழும். தாய் ஊட்டுவதும் இல்லை, காப்பதும் இல்லை. ஆணின் உயிரணுக்களைப் பெண் தன் உடலில் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும் திறனும் அதற்கு உண்டு. பெட்டியில் வளர்ப்பவர்கள் இவற்றைச் சேர்க்கும் முன் ஒரு செயற்கைக் குளிர்காலத்தை உண்டாக்குகிறார்கள். முதலில் இரண்டு வாரம் உணவை நிறுத்திக் குடலைக் காலியாக்குவார்கள். பிறகு ஏறத்தாழ 10 டிகிரி குளிரில், தண்ணீர் மட்டும் வைத்து, இரண்டு மூன்று மாதம் இருட்டில் விடுவார்கள். குடல் காலியாக இல்லாவிட்டால் குளிரில் செரிக்காத உணவு அழுகிப் பாம்பைக் கொன்றுவிடும். செரிமானத்துக்கு வெப்பம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது கணக்கு. ஒரு தாய் ஆண்டுக்கு 20 குட்டி போடுவதாக வைத்துக்கொண்டு, எல்லாம் பிழைத்தால் ஐந்து ஆண்டில் எத்தனை என்று போடச் சொன்னேன். எண் பெரிதாகிக்கொண்டே போனது. "அப்போ அமெரிக்கா முழுக்கப் பாம்பா இருக்கணுமே, ஏன் இல்ல?" என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தது. ஒரு சோடியின் வாழ்நாளில் சராசரியாக இரண்டு குட்டிகள் மட்டும் வளர்ந்து பெரிதானால்தான் எண்ணிக்கை நிலையாக நிற்கும், மற்றவை பறவைக்கும் மீனுக்கும் உணவாகும் என்ற முடிவுக்கு அவர்களே வந்தார்கள்.

வகுப்பு முடியும்போது கேள்வி கேட்ட மாணவன் சொன்னான்: "நம்ம ஊர்ல மே மாசத்துல கரண்ட் போனா எங்களுக்கே தாங்கல. மார்கழியிலயும் பத்து டிகிரி வராது. இந்தப் பாம்பு இங்க வந்தா பாவம் டீச்சர்." இரண்டு நாளுக்கு முன் கல் எறிந்த கை அது.

மூன்றாம் பாடவேளை: நம்மூர் உறவினர்கள்

கார்ட்டர் பாம்பின் நெருங்கிய உறவினர்கள் நம் வாய்க்காலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் அடித்துக் கொன்ற நீர்க்கோலி அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று, புல்வெளியிலும் வயல் வரப்பிலும் வாழும் சிறிய பாம்பு. முதுகின் இருபுறமும் மஞ்சள் கோடு ஓடும். பார்வைக்குக் கார்ட்டர் பாம்பின் தம்பி போலவே இருக்கும். எங்கள் வகுப்பில் அதற்கு மஞ்சள் வரிப் பாம்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து இந்த ஒப்பீட்டைச் செய்யச் சொன்னேன்.

கார்ட்டர் பாம்பு: குட்டி போடும். குளிர்காலத்தில் கூட்டமாக ஒடுங்கும். தவளை, மீன், மண்புழு தின்னும்.

நீர்க்கோலி: முட்டையிடும், ஒரே முறையில் 20 முதல் 60 வரை, சில வேளை அதற்கு மேலும். பெண் பாம்பு முட்டைகளோடு தங்கிக் காப்பதும் உண்டு. மீனும் தவளையும் உணவு. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், கடிக்கும், மனிதருக்கு நஞ்சில்லை.

மஞ்சள் வரிப் பாம்பு: முட்டையிடும், பெரும்பாலும் பத்துக்குள். தவளையே முக்கிய உணவு. மிகச் சாதுவானது.

ஒரே குடும்பத்தில் ஒன்று குட்டி போட, மற்றவை ஏன் முட்டையிட வேண்டும்? குளிர்ந்த நாட்டில் மண்ணில் இட்ட முட்டைக்குப் போதிய சூடு கிடைக்காது. தாய் வயிற்றில் சுமந்தால் வெயில் உள்ள இடமாகப் பார்த்து நகர்ந்து சூடேற்றலாம். நம் ஊர் மண்ணே அடைகாத்துவிடும். பரிணாமம் என்ற பெரிய சொல்லை எழுதாமலேயே அதன் ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

இதே வகுப்பில்தான் நான் தவறினேன். மகிழ்ச்சியின் வேகத்தில், "உடம்புல கோடு போட்டிருக்கற இந்தச் சின்னப் பாம்புகளுக்கு விஷம் இல்ல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். 'இந்த' என்ற சொல்லை நான் கவனமாகச் சொன்னதாக நினைத்தேன். கேட்ட பிள்ளைகளின் காதில் அது விழவில்லை.

நான்காம் பாடவேளை: திட்டமிடாதது

அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு மாணவன் புத்தகப் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து என் மேசை மீது வைத்தான். முகம் முழுக்கப் பெருமை. "கோடு போட்ட பாம்பு டீச்சர். வீட்டுக்குப் பின்னாடி செங்கல் அடியில இருந்துச்சு. குச்சியால தள்ளிப் புடிச்சேன். அடிக்கல டீச்சர்."

பாட்டிலுக்குள் ஒரு சாண் நீளத்தில் மெல்லிய கறுத்த பாம்பு. உடலின் குறுக்கே வெள்ளை வளையங்கள்.

நான் பாட்டிலை நோக்கிக் கை நீட்டினேன். "தொடாதீங்க டீச்சர்!" என்று அந்த மாணவி கத்தினாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "கட்டுவிரியன் குட்டி அது."

கட்டுவிரியனா, அதைப் போலவே வளையங்கள் கொண்ட நஞ்சில்லாத வேறொரு பாம்பா என்று எனக்கு அந்த நொடியில் தெரியாது. தெரியாது என்பதே போதுமானதாக இருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். கதவைச் சாத்தி, அதன் கீழ் இடைவெளியைச் சாக்கால் அடைத்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லித் தீயணைப்பு மீட்புப் பணி நிலையத்துக்குத் தொலைபேசினோம். வந்த வீரர்கள் கொக்கியும் சாடியுமாகப் பாதுகாப்பாக எடுத்தார்கள். மாணவி சொன்னதே சரி. அது கட்டுவிரியன்.

அரை மணி நேரம் அந்தப் பாட்டில் புத்தகப் பைக்குள், நடந்து வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகில் தொங்கியிருக்கிறது. மூடி சரியாகத் திருகியிருக்கவில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவனைத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் செய்தான்: பயப்படவில்லை, அடிக்கவில்லை.

என் தவறு எங்கே என்று எழுதிப் பார்த்தேன். அடையாளத்தைக் கற்றுக் கொடுத்தேன், நடத்தையைக் கற்றுக் கொடுக்கவில்லை. கட்டுவிரியனின் முதுகு நடுவில் அறுகோணச் செதில்கள் பெரிதாக இருக்கும், வெள்ளை வளையங்கள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் இருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதைச் சரிபார்க்க எவ்வளவு அருகில் போக வேண்டும்? குட்டிகளில் வளையங்கள் வேறு மாதிரியும் அமையும். ஆகவே இப்போது எங்கள் பள்ளியில் எல்லாப் பாம்புக்கும் ஒரே விதிதான்: தொடாதே, அடிக்காதே, விலகி நில், பெரியவரிடம் சொல். நஞ்சுள்ளதா இல்லையா என்பது இந்த விதிக்குத் தேவையில்லாத கேள்வி.

அன்றைய பாடவேளையை முழுவதும் பாம்புக்கடிக்கு ஒதுக்கினேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக இருக்கிறது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவை இவை:

1. கடிபட்டவர் ஓடவோ நடக்கவோ கூடாது. கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குச் செய்வது போலக் குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும்.

2. கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மருந்து எதையும் பூசக் கூடாது.

3. வீக்கம் வரும் முன் மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

4. 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் பகுதிக்கு விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு எது அருகில் என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

5. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. அதில் இன்னொருவர் கடிபடுவார்.

6. கட்டுவிரியன் இரவில் கடிக்கும். கடிவாய் பெரிதாக வலிக்காது, சில வேளை தெரியவே தெரியாது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியோடு எழுந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"உங்க வீட்டுல யார் யார் தரையில படுக்கறீங்க?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். கட்டில் வாங்கச் சொல்லும் நிலையில் எல்லோரும் இல்லை. கொசுவலையை நன்றாகப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது கட்டுவிரியனிடமிருந்தும் காக்கும் என்பதைச் சொன்னேன். அது செய்யக்கூடியது.

ஐந்தாம் பாடவேளை: யார் வளர்க்கலாம்? யாருக்குத் தெரியும்?

முதல் கேள்விக்குத் திரும்பினோம். இந்தியாவில் நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அட்டவணையில் உள்ள காட்டுயிர்களைப் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் கொல்வதையும் தடை செய்கிறது. நீர்க்கோலியும் சாரையும் நாகமும் அதில் உள்ளன. ஊர்வனவற்றின் முட்டையைச் சிதைப்பதுகூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். வெளிநாட்டு விலங்குகளுக்கும் இப்போது விதிகள் இருக்கின்றன. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடாவே சான்று. செல்லப் பிராணியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. முயல், ரக்கூன் போன்ற பாலூட்டிகள் பல இடங்களில் அரிதாகிவிட்டன. 2017இல் அவற்றைப் பிடித்துக் காட்ட அமெரிக்கா யாரை அழைத்தது தெரியுமா என்று கேட்டேன். விஞ்ஞானி என்றார்கள், ராணுவம் என்றார்கள்.

"நம் தமிழ்நாட்டு இருளர்களை" என்றேன். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் அங்கே போய், தடம் பார்த்தே சில வாரங்களில் 25க்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வகுப்பு முழுவதும் அந்த மாணவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல், முன்பே கேட்டுக்கொண்டபடி, அவளுடைய தாத்தா பள்ளிக்கு வந்தார். பாம்பு எதுவும் கொண்டுவரக் கூடாது, பேச்சு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். "பாம்ப காட்டவா வந்தேன் டீச்சரம்மா, பேரப்புள்ள படிக்கற எடத்த பாக்க வந்தேன்" என்றார். நாற்காலியில் அமர வெகுநேரம் தயங்கினார்.

சின்ன வயதில் தோலுக்காகப் பாம்பு பிடித்த கதையைச் சொன்னார். அப்போது வியாபாரிகள் ஊருக்கே வந்து வாங்கிப் போவார்களாம். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலை நிறுத்தின. பாம்புகள் பிழைத்தன, இருளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. இதற்கு ஒரு வழியாக ராமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து முயன்று, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்குகிறது.

அங்கே நடப்பதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் சில முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து நஞ்சுமுறி மருந்து தயாராகிறது. நம் ஊர் மருத்துவமனையில் ஏறும் மருந்துப் புட்டியின் தொடக்கம் ஓர் இருளரின் கை.

பாட்டிலில் பாம்பு கொண்டுவந்தவன் எழுந்து கேட்டான்: "தாத்தா, அன்னிக்கி அது என்னைக் கடிச்சிருக்குமா?"

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. "அது ஒன்ன கடிக்கணும்னு பொறக்கல சாமி. ஒன் கை போற எடத்துல அது இருந்தா கடிக்கும். கைய எங்க வெக்கறோம்னு பாத்து வெய்யி. நானே அப்பிடித்தான் இத்தன வருசம் பொழச்சேன்" என்றார்.

நான் ஐந்து பாடவேளைகளில் சொல்ல முயன்றது அந்த நாலு வாக்கியம்.

பிற வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் நாங்கள் பரமபதம் ஆடினோம். ஏணியின் அடியில் சரியான செயல்: டார்ச் அடித்து நடத்தல், செருப்பைத் தட்டிப் போடுதல், பெரியவரை அழைத்தல். சறுக்கும் இடத்தில் தவறான செயல்: புற்றில் கை விடுதல், கல் எறிதல், கயிறு கட்டுதல். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "தப்பு செஞ்சது நாம, எதுக்குப் பாம்பு படம்?" என்று கேட்டது. அதன்பின் பாம்பை அழித்துவிட்டுச் சறுக்குமரம் வரைந்தோம்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் உணவு வலை வரையலாம். நெல், எலி, சாரை, கீரி, கழுகு எனத் தொடங்கி, சாரையை நீக்கினால் நெல்லுக்கு என்ன ஆகும் என்று விவாதிக்கலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் நோயெதிர்ப்புப் பாடத்தோடு நஞ்சுமுறி தயாரிப்பை இணைக்கலாம். வாய்ப்புள்ள பள்ளிகள் கிண்டி பாம்புப் பண்ணைக்கோ வடநெம்மேலிக்கோ களப்பயணம் போகலாம். வயல்வெளியில் பாம்புச் சட்டை கிடந்தால் அதை எடுத்து வராமல், கிடந்த இடத்திலேயே உருப்பெருக்கியால் பார்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அருகில் புற்றோ செங்கல் குவியலோ இருந்தால் அதுவும் வேண்டாம்.

மதிப்பீட்டுக்கு நான் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொருவரும் இந்த விதிகளை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, அவர் கேட்ட கேள்வியை எழுதி வர வேண்டும் என்றேன். அதிகம் வந்த கேள்வி: "கட்டுக் கட்டாம விட்டா விஷம் தலைக்கு ஏறாதா?" இறுக்கிக் கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசை அழுகலாம், கட்டை அவிழ்க்கும்போது மொத்தமாக உடலுக்குள் பாயலாம் என்ற விடையைப் பிள்ளைகள் மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

திருவாமாத்தூர் வட்டாரத்தில் பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டிய கதையைக் கேட்டு வளராத பிள்ளை இல்லை. பாம்பு இங்கே தெய்வமாகவும் தண்டனையாகவும் இருந்திருக்கிறது. அது பசிக்குத் தவளை தேடும் ஒரு பிராணி என்பதையும் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

கார்த்திகையில் மீண்டும் நல்ல மழை. வாய்க்காலில் நீர்க்கோலி ஒன்று தலையை நீட்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் பத்தடி தள்ளி வரிசையாக நின்றார்கள். யார் கையிலும் கல் இல்லை. ஒருவன் அந்த மாணவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "ஏய், இங்க வா, இது என்ன பாம்புன்னு சொல்லு."

அவள் வந்தாள். பார்த்தாள். "எதுவா இருந்தா என்ன, தள்ளி நில்லு" என்றாள்.